மகளிர் குழுவுக்கு இலவச வெப்சைட்: விக்ஸா, வேர்ட்பிரஸ்ஸா, கூகுள் சைட்ஸா?

தங்கச்சிமடம்_ஓலைப்பெட்டி கேட்டது:

வணக்கம். எங்க மகளிர் குழுவுக்கு ஒரு வெப்சைட் போடணும். பனை ஓலைப் பெட்டி, கொட்டான், கருப்பட்டி, கருவாடு (நெத்திலி, சீலா, வாளை) எல்லாம் சேர்த்து 25 சரக்கு. ஆர்டர் இப்ப வாட்ஸ்அப்லதான் வருது, அது அப்படியே இருக்கட்டும். வெப்சைட்ல படம், விலை, எப்படிக் கேக்கணும், நாங்க எங்க இருக்கோம், இவ்வளவு இருந்தாப் போதும். தமிழ்லயும் கொஞ்சம் இங்கிலீஷ்லயும் வேணும்.

ஒரு பழைய லேப்டாப் இருக்கு, 4 ஜிபி ராம். மத்தபடி எல்லாருக்கும் போன்தான். ஹெச்டிஎம்எல் யாருக்கும் தெரியாது. கருவாட்டு விலை மாசத்துக்கு மாசம் மாறும், மீன்பிடித் தடைக்காலத்துல வாரத்துக்கு வாரம் மாறும். டொமைனுக்கு (வெப்சைட்டோட சொந்த முகவரிப் பேருக்கு) வருஷக் காசு கட்டிருவோம், மாசக் கட்டணம் கட்ட முடியாது. வெப்சைட் கட்ட விக்ஸ், வேர்ட்பிரஸ், கூகுள் சைட்ஸ்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதை எடுக்கிறது?

பாம்பன்_வலை:

அக்கா, நீங்க கேட்டதுலயே பதில் இருக்கு. "விலை வாரத்துக்கு வாரம் மாறும், எல்லாருக்கும் போன்தான்"னு சொல்லிட்டீங்க. டெம்ப்ளேட் (ரெடிமேட் பக்க வடிவம்) அழகை ஒதுக்கி வச்சிட்டு, விலையை யார், எந்தக் கருவியில மாத்தப் போறாங்கன்னு மட்டும் பாருங்க. முதல் மாசம் ஜோரா இருந்துட்டு ஏப்ரல் 15 தடை தொடங்கினதும் பழைய விலையோட நிக்கிற சைட், சைட்டே இல்லாததை விட மோசம். 61 நாளும் வாடிக்கையாளர்கிட்ட "அது பழைய விலைங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும்.

முதல்ல விக்ஸைக் கழிச்சிரலாம். இழுத்துப் போட்டுக் கட்ட அதுதான் சுகம், அதை மறுக்கல. ஆனா இலவசத் திட்டத்துல உங்க பக்கத்து மேல அவங்க விளம்பரப் பட்டை நிக்கும், இடம் 500 எம்பிதான், சொந்த டொமைனை மாட்டணும்னா காசுத் திட்டத்துக்குப் போகணும். அதை விடப் பெரிய வில்லங்கம், கட்டின சைட்டைப் பெயர்த்து வேற இடத்துக்குக் கொண்டுபோக வழி இல்லை. ஒரு டெம்ப்ளேட்ல கட்டி முடிச்சிட்டா அதே சைட்டுக்கு வேற டெம்ப்ளேட் மாட்டவும் முடியாது, முதல்ல இருந்து கட்டணும்.

உங்களுக்கு நான் சொல்றது கூகுள் சைட்ஸ், அதுக்குள்ள விலைப்பட்டியல் மட்டும் ஒரு கூகுள் ஷீட் (கட்டம் போட்ட கணக்குத் தாள்). விளம்பரம் கிடையாது. சொந்த டொமைனை இலவசமா மாட்டலாம். குறை என்னன்னா, சைட்ஸை போன்ல திருத்த முடியாது, கம்ப்யூட்டர் வேணும். அந்தக் குறைக்காகத்தான் ஷீட். விலையை ஷீட்ஸ் ஆப்ல போன்லயே மாத்தலாம். சைட்டைத் தொடவே வேண்டாம்.

செய்யிற முறை: யாரோட சொந்த ஜிமெயில்லயும் தொடங்காதீங்க, குழுவுக்குன்னு ஒரு கணக்கு திறங்க. சைட்ஸ்ல காலிப் பக்கம் எடுத்து நாலே பக்கம் போடுங்க: முகப்பு, ஓலைப் பொருள், கருவாடும் கருப்பட்டியும், தொடர்பு. அதுக்கு மேல வேண்டாம், நாலு பக்கத்தைப் பராமரிச்சாலே பெரிய விஷயம். அப்புறம் ஷீட்ல மூணே பத்தி: சரக்கு, அளவு, விலை. நாலாவது பத்தி சேர்த்தா போன் திரையில பக்கவாட்டுல தள்ளிப் பார்க்கணும், யாரும் தள்ள மாட்டாங்க. ஷீட்டோட முதல் வரியில "விலை மாற்றிய தேதி" போட்டு வைங்க. அதைச் சைட்ஸ்ல "இன்செர்ட்" பட்டியல்ல இருக்கிற "ஷீட்ஸ்" வழியா உள்ள வைங்க.

ஒரு எச்சரிக்கை. விலை ஷீட்டைத் தனிக் கோப்பா வைங்க. அதே கோப்போட இன்னொரு தாள்ல வாடிக்கையாளர் பேரு, போன் நம்பர், கடன் கணக்கு எழுதி வச்சிருந்தா, கோப்பைப் பொதுவுக்குத் திறக்கும்போது அதுவும் சேர்ந்து திறந்துக்கும்.

ஆர்டருக்கு ஒவ்வொரு சரக்குப் படத்துக்குக் கீழயும் ஒரு பட்டன். அதுல கொடுக்க வேண்டிய லிங்க்: டபிள்யூஏ டாட் எம்ஈ, சாய்கோடு, 91, பிறகு உங்க பத்து இலக்க எண், எல்லாம் இடைவெளி இல்லாம. முன்னாடி கூட்டல் குறியோ பூஜ்யமோ போடாதீங்க.

கீழக்கரை_பிளாகர்:

பாம்பன் தம்பி சொன்னதுல பாதி சரி. போன்தான் கருவின்னு ஆனபிறகு, போன்ல திருத்த முடியாத சைட்ஸை ஏன் எடுக்கணும்? பிளாகர் இருக்கே, பதிவு பதிவாப் போடுற இலவச வலைப்பூ சேவை. பழசுன்னு எல்லாரும் ஒதுக்குறாங்க. 1999ல வந்தது, 2003ல கூகுள் வாங்கினது, இன்னும் ஓடுது. போன் பிரவுசர்லயே பதிவு போடலாம், திருத்தலாம். நாமளாப் போடாம விளம்பரம் வராது. டொமைன் இலவசமா மாட்டலாம். கட்டுப்பாட்டுப் பலகையே தமிழ்ல கிடைக்கும்.

கடைக்கு இதை இப்படிப் பயன்படுத்தலாம். ஒரு சரக்குக்கு ஒரு பதிவு. லேபிள்ல "கருவாடு", "ஓலை", "கருப்பட்டி"னு போட்டா ஒவ்வொரு லேபிளும் தானாவே ஒரு பட்டியல் பக்கம் ஆயிரும். அந்த மூணு லேபிள் லிங்கை மெனுவுல வைங்க. தீம்ல (பக்கத்தோட தோற்றம்) "எம்போரியோ" எடுத்தா படங்கள் கட்டம் கட்டமா கடை மாதிரி நிக்கும். தேதியையும் கருத்துப் பெட்டியையும் செட்டிங்ஸ்ல அணைச்சிருங்க, இல்லைன்னா போன வருஷத் தேதி போட்ட கருவாடு மாதிரித் தெரியும்!

தமிழ்ல தலைப்பு வச்சா ஒரு சிக்கல் வரும். பிளாகர் முகவரியை இங்கிலீஷ் எழுத்துல இருந்துதான் எடுக்கும். "நெத்திலிக் கருவாடு"ன்னு தலைப்பு போட்டா முகவரி வெறும் "பிளாக்-போஸ்ட்"னு வரும், அடுத்தது "பிளாக்-போஸ்ட்_12"ங்கிற மாதிரி ஏதோ எண்ணோட வரும். வெளியிடுறதுக்கு முன்னாடி வலது பக்கம் "பெர்மாலிங்க்" (பதிவோட முகவரி) திறந்து, "கஸ்டம்" தேர்ந்து, இங்கிலீஷ் எழுத்துல நெத்திலி-கருவாடுன்னு அடிச்சிருங்க. வெளியிட்ட பிறகு மாத்தணும்னா பதிவை மறுபடி டிராஃப்ட் ஆக்கணும், அதுக்குள்ள அனுப்பின பழைய லிங்க் எல்லாம் செத்துரும்.

காப்பும் எடுக்கலாம். செட்டிங்ஸ்ல பேக்கப் வழியாப் போனா எல்லாப் பதிவையும் கோப்பா இறக்கி வச்சுக்கலாம், நாளைக்கு வேற இடத்துக்குப் போகணும்னா அது உதவும். ஆனா அதுல படம் இருக்காது, படத்தோட லிங்க்தான் இருக்கும். மூலப் படங்களைத் தனியா ஒரு மெமரி கார்டுல வைங்க. சைட்ஸ்ல இருந்து இன்னொரு இடத்துக்குப் போகணும்னா பெரும்பாலும் கையால நகல் எடுத்து ஒட்ட வேண்டியதுதான்.

பாம்பன்_வலை:

காக்கா (உங்க ஊர் வழக்கத்துல அண்ணன்), போன் விஷயத்துல நீங்க சொல்றது நியாயம். ஆனா 25 சரக்குக்கு 25 பதிவு, தடைக்காலத்துல அதுல பத்தோட விலை ஏறுதுன்னா பத்துப் பதிவைத் திறந்து திருத்தணும். ஷீட்ல ஒரே தாள், ரெண்டு நிமிஷம். படமும் விவரமும் அதிகம் மாறுறவங்களுக்குப் பிளாகர், விலை மட்டும் மாறுறவங்களுக்கு சைட்ஸும் ஷீட்டும். அக்காவுக்கு எதுன்னு அவங்கதான் சொல்லணும்.

தொண்டி_சர்வர்:

வேர்ட்பிரஸ் பற்றி யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. ஒரே பெயரில் இரண்டு பொருள் இருக்கின்றன, குழப்பம் அங்கேதான்.

ஒன்று, டாட் காம் என்று முடியும் சேவை. இலவசத் திட்டத்தில் 1 ஜிபி இடம், அவர்கள் முகவரிக்குக் கீழே ஒரு சப்டொமைன் (துணை முகவரி), பக்கத்தில் அவர்களுடைய விளம்பரம். பிளகின் (கூடுதல் வசதிக்கான துணை மென்பொருள்) போட முடியாது, சொந்த டொமைனுக்குக் காசு. இரண்டாவது, டாட் ஆர்க் தளத்தில் கிடைக்கும் மென்பொருள். 2003இல் இருந்து வருகிறது, முழுக்க இலவசம், திறந்த மூலம். ஆனால் அதை வைக்க பிஹெச்பி, மைஎஸ்கியூஎல் என்ற மென்பொருள்கள் உள்ள ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் வாடகை இடம்) வேண்டும். "வேர்ட்பிரஸ் இலவசம்" என்று சொல்கிறவர்கள் இரண்டாவதைச் சொல்வார்கள், ஹோஸ்டிங் காசைச் சொல்ல மாட்டார்கள்.

காசு மட்டுமல்ல, பராமரிப்பும் இருக்கிறது. மென்பொருள், தீம், பிளகின் மூன்றையும் தொடர்ந்து புதுப்பிக்க வேண்டும். ஆறு மாதம் விட்டால் பழைய பிளகின் ஓட்டை வழியாக யாராவது உள்ளே புகுந்து சூதாட்ட விளம்பரப் பக்கங்களைச் சொருகிவிடுவார்கள். காசுக்கு விற்கும் தீம் ஒன்றை யாராவது "இலவசம்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தொடாதீர்கள், அந்த ஓட்டையைத் திறந்தே அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் ஒருவர் கற்றுக்கொள்ள விரும்பினால் "வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்டு" பிரவுசரிலேயே ஓடும், ஹோஸ்டிங் தேவையில்லை. பழகிப் பார்க்க அது போதும். இன்றைக்கு உங்கள் தேவைக்கு வேர்ட்பிரஸ் வேண்டாம்.

லேப்டாப்பிலேயே கட்டி, நெட் கிடைக்கும்போது மட்டும் ஏற்ற நினைப்பவர்களுக்கு "பப்ளி" என்ற இலவச மென்பொருள் உண்டு. கட்டிய பக்கங்களை கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச இடத்தில் ஏற்றிவிடும். பக்கம் மிக வேகமாகத் திறக்கும். ஆனால் தளம் அந்த ஒரு லேப்டாப்போடு கட்டுண்டுவிடும். கிட்ஹப் பேஜஸும் இணைய வியாபாரம் நடத்துவதற்கான இலவச இடம் அல்ல என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. இதுவும் உங்களுக்குப் பொருந்தாது.

எதை எடுத்தாலும் ஒன்றை மட்டும் விடாதீர்கள்: முகவரி உங்கள் சொந்த டொமைனாக இருக்கட்டும். இலவசம் என்பது கொடுப்பவர் விருப்பம். யாஹூவின் ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. கூகுள் பிசினஸ் புரொஃபைலில் கடைக்காரர்கள் இலவசமாகப் போட்ட வெப்சைட்டுகள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன, ஜூன் வரை மட்டும் திருப்பிவிட்டார்கள். டாட் டிகே போன்ற இலவச டொமைன் கொடுத்த ஃப்ரீனமும் 2024இல் அந்தத் தொழிலை விட்டே போய்விட்டது. சொந்த டொமைன் இருந்தால் பின்னால் இருக்கும் இடம் மாறினாலும் வாடிக்கையாளர் அடிக்கும் முகவரி மாறாது.

டொமைன் வாங்கும்போது முதல் வருடச் சலுகை விலையைப் பார்க்காதீர்கள், புதுப்பிப்பு விலையைப் பாருங்கள். அது பல மடங்கு இருக்கும். கூடவே ஹோஸ்டிங், மின்னஞ்சல், எஸ்எஸ்எல் (தளத்துக்கான பாதுகாப்புச் சான்றிதழ்) என்று கூடையில் சேர்த்து வைத்திருப்பார்கள், எல்லாவற்றையும் நீக்குங்கள். சைட்ஸ், பிளாகர் இரண்டுமே எஸ்எஸ்எல் இலவசமாகத் தருகின்றன. மிக முக்கியம், டொமைன் கணக்கு குழுவின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். கட்டித் தருகிறவர் தன் கணக்கில் வாங்கிக் கொடுத்தால், அவர் ஊரை விட்டுப் போகும் நாளில் உங்கள் முகவரியும் போய்விடும்.

இனி மாட்டும் முறை. சைட்ஸில் பற்சக்கரக் குறியைத் தொட்டு "கஸ்டம் டொமைன்ஸ்" போங்கள். டொமைன் உங்களுடையதுதான் என்று காட்ட ஒரு டிஎக்ஸ்டி ரெக்கார்டு (ஒரு வரி எழுத்துக் குறிப்பு) கேட்கும். அதை டொமைன் வாங்கிய இடத்தின் டிஎன்எஸ் பக்கத்தில் (டொமைன் எங்கே போக வேண்டும் என்று குறிக்கும் பதிவேடு) சேர்த்த பிறகு ஒரு சிநேம் ரெக்கார்டு (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டுவது): பெயர் டபிள்யூடபிள்யூடபிள்யூ, மதிப்பு ஜிஹெச்எஸ் டாட் கூகுள்ஹோஸ்டட் டாட் காம். பிளாகர் என்றால் இரண்டு சிநேம், அவற்றின் மதிப்பை அதுவே காட்டும். டபிள்யூடபிள்யூடபிள்யூ இல்லாமல் அடிப்பவர்களுக்காக நான்கு ஏ ரெக்கார்டும் (பெயரை எண் முகவரிக்குக் காட்டுவது) சேர்க்க வேண்டும்: 216.239.32.21, 216.239.34.21, 216.239.36.21, 216.239.38.21.

இங்கே தவறுவது மூன்று இடத்தில். பெயர்க் கட்டத்தில் டபிள்யூடபிள்யூடபிள்யூ மட்டும் போட வேண்டும். முழு முகவரியையும் அடித்தால் பல இடங்களில் அது தானாக டொமைனைப் பின்னால் ஒட்டி, முகவரி இரட்டிப்பாகிவிடும். அடுத்து, டொமைன் விற்றவர் முன்பே வைத்திருக்கும் "பார்க்கிங்" (காலி டொமைனுக்கான தற்காலிகப் பக்கம்) ரெக்கார்டை நீக்காமல் புதியதைச் சேர்த்தால் ஒரு நேரம் உங்கள் பக்கம், ஒரு நேரம் அவர்கள் விளம்பரப் பக்கம் வரும். மூன்றாவது, கிளவுட்ஃபிளேர் என்ற சேவை வழியாக டிஎன்எஸ் வைத்தால் அங்கே ஆரஞ்சு மேகக் குறியை அணைத்து "டிஎன்எஸ் ஒன்லி" ஆக்குங்கள், இல்லையேல் எஸ்எஸ்எல் சான்றிதழ் வராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். எல்லாம் சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால் ஒரு நாள் பொறுங்கள். பொறுமையின்றி மணிக்கொரு தரம் ரெக்கார்டை மாற்றுவதுதான் பெரும்பாலும் காரியத்தைக் கெடுக்கிறது.

தங்கச்சிமடம்_ஓலைப்பெட்டி:

எல்லாருக்கும் நன்றி. பாம்பன் தம்பி சொன்ன மாதிரி சைட்ஸும் ஷீட்டும் போட்டுத் தொடங்கிட்டோம், விலைதான் எங்களுக்குத் தலைவலி. காக்கா, பிளாகரை ஒதுக்கிட்டோம்னு நினைக்காதீங்க.

மூணு சந்தேகம். ஒண்ணு, எங்க லேப்டாப்ல விலைப்பட்டியல் தெரியுது, மத்தவங்க போன்ல "அனுமதி கேளுங்க"ன்னு வருது. ரெண்டு, டிடிபி சென்டர்ல அடிச்ச நோட்டீஸ் வாசகத்தை எடுத்து ஒட்டினா இங்கிலீஷ் எழுத்தா, கிறுக்கல் மாதிரி வருது. மூணு, முகவரியைத் தமிழ்லயே வைக்கலாமா?

பாம்பன்_வலை:

முதல் சந்தேகத்துக்கு: ஷீட்டைத் திறந்து "ஷேர்" அழுத்தி, "லிங்க் உள்ள எவரும்", "பார்வையாளர்" ரெண்டையும் தேர்ந்தெடுங்க. நீங்க குழுக் கணக்குல உள்ள இருக்கிறதால உங்களுக்கு எப்பவும் தெரியும். அதனால எதைச் சோதிச்சாலும் பிரவுசரோட இன்காக்னிட்டோ (கணக்குல நுழையாத மறைநிலை) ஜன்னல்ல திறந்து பாருங்க, அதுதான் வாடிக்கையாளர் கண்ணு. "எடிட்டர்"னு மட்டும் கொடுத்துராதீங்க, யார் வேணும்னாலும் உங்க கருவாட்டு விலையை அஞ்சு ரூபா ஆக்கிருவாங்க.

இன்னொண்ணு, சைட்ஸ்ல நீங்க மாத்துறது எல்லாம் வரைவுலதான் இருக்கும். மேல "பப்ளிஷ்" அழுத்தினாதான் வெளியே தெரியும். ஷீட்ல மாத்துறதுக்கு அது வேண்டாம்.

கீழக்கரை_பிளாகர்:

ரெண்டாவது: அந்தக் கிறுக்கல்ல அரைப்புள்ளி நிறைய இருக்கா? இருந்தா அது பாமினிங்கிற பழைய தமிழ் ஃபான்ட். பாமினியில புள்ளி வைக்கிறதுக்கு அரைப்புள்ளி விசைதான். அது தமிழ் எழுத்து இல்லை, தமிழ் முகமூடி போட்ட இங்கிலீஷ் எழுத்து. அந்த ஃபான்ட் இல்லாத இடத்துல முகமூடி கழண்டுரும். இணையத்துல பாமினியை யூனிகோடா (எல்லாக் கருவியிலும் தெரியிற பொது எழுத்துமுறை) மாத்துற பக்கங்கள் இலவசமா நிறைய இருக்கு, அதுல ஒட்டி எடுங்க. மாத்தின பிறகு ஒருதரம் முழுக்கப் படிங்க, கொம்பு, ஒற்றைச் சுழி, எண்கள் இடம் மாறி நிக்கலாம். டிடிபிக்காரர்கிட்ட கேட்டு ஜேபெக்கா வாங்கி அப்படியே படமா ஒட்டுற வேலை மட்டும் வேண்டாம். படத்துல இருக்கிற எழுத்தைத் தேடுபொறி நம்பி எடுக்காது, "ராமேஸ்வரம் கருவாடு"ன்னு தேடுறவருக்கு நீங்க வரவே மாட்டீங்க.

ஃபான்ட் பத்தி: தமிழுக்குன்னு தனியா எதுவும் மாட்டலைன்னா ஆண்ட்ராய்டு போன்ல பெரும்பாலும் நோட்டோ தமிழ், விண்டோஸ்ல நிர்மலா தெரியும். ரெண்டுமே படிக்க நல்லாருக்கும். அழகெழுத்து தேடி நேரம் போக்காதீங்க, வரி இடைவெளியை மட்டும் கொஞ்சம் கூட்டுங்க. கொக்கியும் சுழியும் அடுத்த வரியில இடிக்காது.

தொண்டி_சர்வர்:

மூன்றாவது கேள்வி. தமிழிலேயே முகவரி வைக்கலாம். டாட் இந்தியா என்று தமிழ் எழுத்தில் முடியும் டொமைன் உண்டு. ஆனால் கணினி அதை உள்ளுக்குள் எக்ஸ்என் என்று தொடங்கும் இங்கிலீஷ் எழுத்துக் கோவையாக மாற்றித்தான் வைத்துக்கொள்ளும். சில இடங்களில் அந்தக் கோவைதான் வெளியே தெரியும், பார்ப்பவர் மோசடி லிங்க் என்று நினைப்பார். டாட் இன் முதன்மை முகவரி, தமிழ் முகவரி ஆசைக்கு இரண்டாவது, அதுவும் காசு மிஞ்சினால்.

பக்க முகவரிக்கும் இதே கதை. யூனிகோடில் தமிழ் எழுத்தும் குறியும் ஒவ்வொன்றும் மூன்று பைட். முகவரியில் அது ஒன்பது எழுத்தாக விரியும். "நெத்திலிக் கருவாடு" என்ற இரண்டு சொல் நகலெடுத்து ஒட்டும்போது 154 எழுத்து நீள வால் ஆகும். வேர்ட்பிரஸ்ஸில் இந்த வாலுக்கு 200 எழுத்து வரம்பு உண்டு, நீளமான தமிழ்த் தலைப்பு பாதியில் அறுந்துவிடும். பக்கத்தின் தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரி மட்டும் சின்ன இங்கிலீஷ் எழுத்தில்.

படங்களைப் பற்றி. போன் கேமரா 4000க்கு 3000 பிக்சலில் எடுக்கும் படம் 4 எம்பி வரும். 25 சரக்குக்கு இரண்டிரண்டு என்றால் 200 எம்பி. படத்தைச் சுருக்கும் "ஸ்குவூஷ்" என்ற பக்கத்தைப் பிரவுசரில் திறந்து அகலம் 1600, தரம் 75 வைத்து இறக்கினால் ஒன்று 250 கேபி அளவுக்கு வரும், மொத்தம் 13 எம்பிக்குள் முடிந்துவிடும். பாம்பன் பாலம் தாண்டும்போது ரயிலில் இருந்து திறப்பவருக்கும் பக்கம் வரும். படம் எடுக்கும் முன் கேமரா செட்டிங்கில் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள். வீட்டு முற்றத்தில் எடுக்கிறீர்கள், அந்த வீட்டின் இருப்பிடம் படத்தோடு போக வேண்டியதில்லை.

உணவுப் பொருள் விற்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தரும் 14 இலக்க எண்ணைத் தொடர்புப் பக்கத்தில் போடுங்கள். குழுவின் பெயர், முகவரி, போன், சரக்கு கெட்டுப்போய் வந்தால் யாரிடம் சொல்வது என்பதும் அங்கே இருக்கட்டும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் விற்பவரிடம் இவற்றை எதிர்பார்க்கின்றன.

பாம்பன்_வலை:

கணக்கு பத்தி ஒண்ணு விட்டுப்போச்சு. கூகுள் கணக்கை ரெண்டு வருஷம் யாரும் திறக்கலைன்னா நீக்கிரலாம்னு அவங்க கொள்கையே இருக்கு. கணக்கு போச்சுன்னா சைட்டும் ஷீட்டும் சேர்ந்து போகும். குழுக் கணக்கை ஏதாவது ஒரு போன்ல நிரந்தரமா வைங்க. டூ-ஸ்டெப் (ரெண்டு கட்ட உள்நுழைவு) போடும்போது வர்ற பத்து பேக்கப் குறியீட்டை எழுதி குழுத் தீர்மானப் புத்தகத்துக்குள்ள வைங்க. சைட்ஸ்ல "ஷேர்" வழியா இன்னொரு உறுப்பினரையும் எடிட்டரா சேர்த்திருங்க.

தங்கச்சிமடம்_ஓலைப்பெட்டி:

இன்காக்னிட்டோவுல பார்த்தேன், விலை தெரியுது. பாமினியும் மாறிருச்சு, "கொட்டான்" மட்டும் "கொட்டடான்"னு வந்தது, திருத்திட்டோம். கடைசியா ஒண்ணு. கருப்பட்டிப் பொட்டலத்துக்கு 1000 ஸ்டிக்கர் அடிக்கக் கொடுக்கப் போறோம், க்யூஆர் கோடு போடலாம்னு. எந்த ஆப்ல எடுக்க?

தொண்டி_சர்வர்:

ஆப் வேண்டாம். குரோமில் உங்கள் பக்கத்தைத் திறந்து ஷேர் அழுத்தினால் க்யூஆர் அதுவே தரும். இலவசமாக க்யூஆர் தருகிறோம் என்னும் சில தளங்கள் நடுவில் தங்கள் முகவரியை வைத்துத் திருப்பிவிடுகின்றன. இலவசக் காலம் முடிந்தால் 1000 ஸ்டிக்கரும் வீண். எடுத்ததை வேறு போனில் ஸ்கேன் செய்து, திரையில் உங்கள் டொமைன் மட்டும் வருகிறதா என்று பாருங்கள். சைட்ஸ் டாட் கூகுள் என்று வந்தால் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். டொமைன் மாட்டி, திறந்து பார்த்து, அதற்குப் பிறகு அச்சு. பொட்டலத்தில் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் வெள்ளை ஓரம் விட்டு அடிக்கச் சொல்லுங்கள். ஓலை நிறப் பின்னணியில் பழுப்பு மையில் அடித்தால் பார்க்க அழகாக இருக்கும், போன் படிக்காது.